காலருக்குள் போட்ட நூல்

சலவைக் கடைக்குள் நுழைந்து, தொங்கும் சட்டைகளை விலக்கிக்கொண்டு பின்னால் போனால், ஆவி படிந்த ஜன்னலுக்குக் கீழே ஒரு தையல் மெஷின் இருக்கும். மெஷினுக்குப் பின்னால் டேப்பக்கா இருப்பாள். பெற்றவர்கள் வைத்த பேர் ஒன்று உண்டு; அது சம்பளச் சீட்டோடு சரி. கடைக்காரருக்கும் வாடிக்கையாளருக்கும் எதிர் மருந்துக்கடைக்காரருக்கும் அவள் டேப்பக்காதான். ஐம்பத்து நாலு வயதில், முப்பது வருஷமாகக் கழுத்தில் அளவு டேப்பைப் போட்டுக்கொண்டு திரிந்தால் வேறென்ன பேர் வைப்பார்கள்? "தூங்கும்போதாவது கழட்டி வை, ஒரு நாள் சுருக்கு விழுந்துடப் போவுது" என்பார் வீட்டுக்காரர்.

இதில் வேடிக்கை, அந்த டேப் அவளுக்குத் தேவையே இல்லை. ஆளைப் பார்த்த மாத்திரத்தில் தோள், இடுப்பு, கை நீளம் எல்லாம் சொல்லிவிடுவாள். "எனக்கு எப்பவும் முப்பத்து நாலுதான்" என்று நெஞ்சை நிமிர்த்தி நின்ற ஒரு மனிதரிடம், "முப்பத்தெட்டு. மூச்சை விட்டுட்டு நில்லுங்க சார்" என்றாள். டேப் போட்டுப் பார்த்தார்கள். முப்பத்தெட்டரை. அந்த அரை அங்குலம் மத்தியானச் சாப்பாடு என்று அவள் சொன்னதற்குக் கடையே சிரித்தது. வாடிக்கையாளர் நம்பிக்கைக்காகத்தான் கழுத்தில் அந்த டேப்.

இன்னொரு குணமும் உண்டு. கோணல் தையலைக் கண்டால் அவளுக்குக் கை துறுதுறுக்கும். பிரித்துப் போட்டால்தான் நிம்மதி. இந்தக் குணம் அம்மாவிடமிருந்து வந்ததில்லை. அம்மா நேர் எதிர். அவளுக்குப் பிரிக்கிற பழக்கமே கிடையாது. "பிரிச்சா துணி செத்துடும்" என்பாள். தப்பாகத் தைத்துவிட்டால் அதன் மேலேயே சரியாக ஒன்று தைப்பாள். அவள் தைத்த தலையணை உறையைப் புரட்டிப் பார்த்தால் உள்ளே மூன்று தையல் ஓடும். ஆனால் வெளியே பார்த்தால் ஒரு குறை சொல்ல முடியாது.

நிற நூல் போடுவதும் அம்மாவின் ஏற்பாடுதான். அவர்கள் முதலில் இருந்த வரிசை வீட்டில் நாலு குடும்பத்துக்கு ஒரே குழாய், ஒரே கொடி. துணி மாறிப்போய் தினம் ஒரு சண்டை. அம்மா யோசித்து, வீட்டில் ஆளுக்கொரு நிறம் பிரித்தாள். அப்பாவுக்குப் பச்சை, தனக்கு வெள்ளை, அண்ணனுக்கு நீலம், இவளுக்குச் சிவப்பு. ஒவ்வொரு துணியிலும், கழுத்துக்கு உள்பக்கம், அரிசி நீளத்துக்கு மூன்று தையல். அதன் பிறகு கொடியில் சண்டை இல்லை. அம்மா போய்ப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. டேப்பக்காவின் ரவிக்கையில் இன்றைக்கும் உள்ளே மூன்று சிவப்புத் தையல் இருக்கும்.

நூலகத்தின் ஜன்னல் திரைகளுக்கு மடிப்பு அடிக்கக் கொண்டுவந்த நூலகக்காரப் பெண்தான் புது வேலை ஒன்றை இவள் தலையில் கட்டினாள்.

"மாடி ஹால்ல ஒரு கண்காட்சி வைக்கிறோம்க்கா. ஒவ்வொரு குடும்பமும் எங்கிருந்து எப்படி வந்துச்சுன்னு துணியில சொல்லணும். துணியோட காகிதம், போட்டோ, சாவி, பித்தான், எது வேணும்னாலும் சேர்த்துக்கலாம். ஒட்டலாம், தைக்கலாம், சாயம் போடலாம்."

"கிழிஞ்சதுக்கு ஒட்டுப் போடுறதுக்குப் பேரு கலையா? அப்ப நான் முப்பது வருஷமா பெரிய கலைஞிதான்."

"அதேதான்க்கா. அதனாலதான் உங்ககிட்ட கேக்கறேன்."

உச்சி குளிர்ந்துவிட்டது. ஆனால் வெளியே காட்டிக்கொள்ளவில்லை. "நேரமிருந்தா பாக்கறேன்" என்றாள். அன்று சாயங்காலமே பரணிலிருந்து தகரப்பெட்டி இறங்கிவிட்டது.

ஒரு மாதத்தில் வீட்டு முன்னறை துணிக்கடையும் பழைய சாமான் கடையும் சேர்ந்த கோலத்துக்கு வந்தது. ஆறடிக்கு நாலடி கெட்டிப் பருத்தித் துணி. அதன் நடுவே நீளமாக ஒரு ஓட்டத் தையல்: வரிசை வீட்டிலிருந்து துறைமுகம், துறைமுகத்திலிருந்து கப்பல், கப்பலிலிருந்து கம்பெனிக் குடியிருப்பு, அங்கிருந்து இப்போதுள்ள தெரு. வழியெங்கும் குடும்பத்தின் சாமான்கள். கப்பல் பட்டறையில் பழுது பார்த்த அப்பாவின் வேலைச் சட்டைப் பை, எண்ணெய்க் கறையோடு. அம்மாவின் புடவைக் கரை. பயணச்சீட்டின் நகலை இஸ்திரி போட்டுத் துணியில் இறக்கியிருந்தாள். பூட்டிவிட்டு வந்த வீட்டின் சாவி. இங்கே இறங்குவதற்கு முன் எடுத்த அப்பாவின் மார்பு எக்ஸ்ரே படத்தைக் கத்தரித்துக் கடலாக வைத்துத் தைத்தாள். அதற்கு மட்டும் ஏழு ஊசி முறிந்தது. வீட்டுக்காரர் சோபாவில் உட்காரும்போதெல்லாம் ஒரு அலறல் கேட்டது. "உங்க வம்ச வரலாறு என் முதுகுல ஏறுது" என்பார்.

அண்ணனுக்கும் ஓர் இடம் ஒதுக்கியிருந்தாள். அண்ணன் கதை குடும்பத்தில் எல்லாருக்கும் மனப்பாடம். அப்பாவை வேலைக்கு எடுத்த கம்பெனியின் கடிதத்தில் கணவன், மனைவி, ஒரு குழந்தை என்றுதான் இருந்தது. இன்னொரு குழந்தை பிற்பாடு வரலாம். ஒன்பது வயது அண்ணன், பம்பரத்தையும் கூட்டாளிகளையும் விட்டுவிட்டு வரமாட்டேன் என்று முரண்டு பிடித்தானாம். அதனால் ஆறு வயதுத் தங்கையைக் கூட்டிக்கொண்டு போனார்களாம். அவன் மூன்று வருஷம் சித்தப்பா வீட்டில் இருந்துவிட்டுப் பிறகு தனியாக வந்து சேர்ந்தான். அப்பா இந்தக் கதையைச் சொல்லாத விசேஷ வீடு கிடையாது. "அப்பன் ஆத்தா வேணாம், பம்பரம் போதும்னு சொன்ன பய!" என்பார். பந்தி முழுக்கச் சிரிக்கும். அண்ணனுக்குப் பம்பரம் என்றே பேர் நிலைத்துவிட்டது. அண்ணன் பஸ் ஓட்டுகிறவர், ஐம்பத்தேழு வயது, நிதானமே உருவானவர்; ஒரு வளைவில்கூட ஸ்டியரிங்கை வெடுக்கென்று திருப்பாத மனிதர். அவருக்குப் பம்பரம் என்று பேர்!

டேப்பக்கா பொம்மைக் கடையில் ஒரு மரப் பம்பரம் வாங்கி, பாதியாக அறுத்து, துணியில் கட்டினாள். அதற்குக் கீழே தடித்த நீல நூலில் அழகான எழுத்தில் தைத்தாள்: "பம்பரத்துக்காகக் கப்பலை விட்டவன்." தனக்குத்தானே சிரித்துக்கொண்டாள்.

இரண்டு தெரு தள்ளித்தான் அண்ணன் வீடு. ஆனாலும் அவர் வருவது அபூர்வம். வந்தாலும் நாலு வார்த்தைக்கு மேல் இருக்காது. அம்மா அப்பா தன்னைக் கூட்டிக்கொண்டு போனதில் அண்ணனுக்கு உள்ளூர ஒரு வருத்தம் என்று அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே ஒரு நினைப்பு. இந்தத் துணியைக் காட்டினால் மனம் இளகும் என்று நம்பினாள். அண்ணன் இங்கே வந்து இறங்கியபோது போட்டிருந்த சட்டை இன்னும் அவர் அலமாரியில் இருப்பது அவளுக்குத் தெரியும். அதையும் சேர்த்துவிட்டால் குடும்பம் முழுசு; வரும்போது கொண்டுவரச் சொல்லியிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணனும் அண்ணியும் வந்தார்கள். அண்ணன் துணியைக் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார். எக்ஸ்ரே கடலைப் பார்த்துப் புன்னகைத்தார். சாவியைத் தொட்டார். பம்பரத்துக்கு வந்ததும் படித்தார். முகம் சுண்டிப்போயிற்று.

"சட்டை கேட்டியே. தர்றதுக்கில்ல" என்றார். "என்னை இதுல சேர்க்காத."

"அண்ணா, வேடிக்கைக்குத்தானே..."

"அதான் சொல்றேன். என்னை விட்டுடு."

ஊற்றி வைத்த டீயைத் தொடாமல் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். அண்ணி பின்னாலேயே எழுந்தாள். வாசலில் நின்று மெதுவாகச் சொன்னாள்: "முப்பது வருஷமா கூட இருக்கேன். எங்க பிள்ளைங்களுக்குக்கூட அவர் ஒரு பம்பரம் வாங்கித் தந்ததில்ல. அந்தப் பேரை எடுத்தா அன்னிக்கு ராத்திரி சாப்பாடு அரைவயிறுதான். உனக்குத் தெரியும்னு நெனச்சேன்."

தெரியாது. டேப்பக்காவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கண்காட்சிக்குப் பத்து நாள்தான் இருந்தது. கண்காட்சி கிடக்கட்டும், இருப்பது ஒரே அண்ணன். எந்த இடத்தில் குத்தினோம் என்றே தெரியாமல் குத்திவிட்டு நின்றாள்.

மறுநாள் கடையில் கூட்டமில்லை. மனசு சரியில்லாதபோது வேலை செய்வதுதான் அவள் வழக்கம். துணியில் சேர்ப்பதற்காகத் தன் சின்ன வயதுக் கோட்டைக் கொண்டுவந்திருந்தாள். கப்பலில் குளிருக்காக, அப்பாவின் பழைய கம்பளிக் கோட்டை வெட்டி அம்மா தைத்தது. கப்பல் தளத்தில் எடுத்த போட்டோவில் இவள் அதைப் போட்டுக்கொண்டு நிற்பாள். விரல்கூடத் தெரியாமல் கை தொங்கும். வளர்கிற பிள்ளை என்று அம்மா பெரிதாகத் தைத்தாள் என்பது வீட்டுக் கதை. கோட்டைத் துணியில் தட்டையாகப் படிய வைக்க வேண்டுமென்றால் காலரைப் பிரிக்க வேண்டும். உள்ளே மூன்று சிவப்புத் தையல். பத்திரமாக எடுத்து வைப்போம் என்று ஊசி முனையால் ஒவ்வொன்றாகத் தூக்கினாள்.

சிவப்புக்கு அடியில் நீலம் இருந்தது.

மூன்று தையல். அதே இடம், அதே நீளம். அம்மா பிரிக்கவில்லை, மேலேயே போட்டிருந்தாள்.

டேப்பக்கா கோட்டை மேஜையில் விரித்து, முதல் தடவையாக ஒரு தையல்காரியின் கண்ணால் பார்த்தாள். தோள் அகலம், கை நீளம், ஆண்பிள்ளைச் சட்டை மாதிரி வலப்பக்கம் போட்ட பித்தான். ஊரார் இடுப்பையெல்லாம் அரை அங்குலம் பிசகாமல் சொல்கிறவளுக்கு, தான் போட்டுக்கொண்டு வந்த கோட்டின் அளவு நாற்பத்தெட்டு வருஷமாகக் கண்ணில் படவில்லை. ஆனைக்கும் அடி சறுக்கும் என்பது சரிதான், ஆனால் இந்தச் சறுக்கல் கொஞ்சம் பெரிசு. அது வளர்கிற ஆறு வயதுக்குத் தைத்த கோட்டு இல்லை. ஒன்பது வயதுப் பையனுக்கு அளவெடுத்து, வளர இடம் விடாமல், கச்சிதமாகத் தைத்தது.

அப்படியென்றால் கப்பலேற இருந்தது அண்ணன். விட்டுப்போக இருந்தது தன்னை. கடைக்காரரிடம் தலைவலி என்று சொல்லிவிட்டுக் கோட்டைப் பையில் போட்டுக்கொண்டு நேரே பஸ் டிப்போவுக்குப் போனாள்.

டிரைவர்கள் ஓய்வறையில் நீள பெஞ்சுகள், சுவரில் வரிசையாகத் தொப்பி மாட்டும் கொக்கிகள். அண்ணன் ஓர் ஓரத்தில் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்திருந்தார். தங்கையைப் பார்த்ததும் எழுந்தார்.

"யாருக்கு என்ன ஆச்சு?"

"யாருக்கும் ஒண்ணும் ஆகல. இதைப் பாரு." காலரை விரித்துக் காட்டினாள். "இது யாருக்குத் தைச்சது?"

அண்ணன் குழாயடிக்குப் போய்க் கையைக் கழுவி, துடைத்துக்கொண்டு வந்து, அந்த நீலத்தை ஒரு விரலால் தொட்டார். பிறகு, அவள் எதிர்பார்க்கவே இல்லை, சிரித்தார்.

"பிரிக்காமலே மேல போட்டுட்டாளா! அம்மாவேதான்."

"அண்ணா, சொல்லு."

"என்ன சொல்றது? ஒரு குழந்தைன்னுதான் லெட்டர். நான் பெரியவன், அங்க போய்ப் பள்ளிக்கூடத்துல சேர்க்கணும், நீ சின்னவ, சித்தி பாத்துக்குவான்னு அப்பா முடிவு பண்ணிட்டார். கோட்டும் தைச்சாச்சு. உங்கிட்ட யாரும் ஒண்ணும் சொல்லல. ஆனா உனக்கு மூக்குல வேர்த்துடுச்சு. அம்மா குழாயடிக்குப் போனா புடவையப் புடிச்சுக்கிட்டே போற, தூங்கும்போதும் கையை விட மாட்டேங்கற. அம்மா சரியா சாப்பிடல. நான்தான் சொன்னேன், அவ இருக்க மாட்டாம்மா, நான் இருந்துக்கறேன்னு."

"ஒன்பது வயசுல?"

"ஒன்பதரை" என்றார் அண்ணன்.

அவரே தொடர்ந்தார். "அப்பா ஒத்துக்க மாட்டார்னு அம்மா பயந்தா. அதனால, பையனே வர மாட்டேங்கறான், பம்பரத்தையும் கூட்டாளிங்களையும் விட மாட்டேங்கறான்னு ஒரு கதை கட்டினா. அப்பாவுக்குக் கோவம் தாங்கல. அந்தக் கோவம்தான் பின்னால சிரிப்பா மாறிடுச்சு. கடைசி வரைக்கும் அவருக்குத் தெரியாது."

"நீ ஏண்ணா சொல்லல? எங்கிட்டயாவது?"

"உனக்குத் தெரியக் கூடாதுன்னு அம்மா கேட்டுக்கிட்டா. விட்டுட்டுப் போக நெனச்சாங்கன்னு நீ காலம் பூரா மனசுல வெச்சுக்குவியாம். சரின்னேன். சரின்னா சரிதானே." டப்பாவை மூடினார். "எங்கிட்ட பம்பரமே இருந்ததில்ல, தெரியுமா?"

டேப்பக்கா தலையைக் குனிந்துகொண்டாள்.

"அப்பா சொல்றப்பல்லாம் நானும் சேர்ந்து சிரிச்சிருக்கேன். யார் சொன்னாலும் போகட்டும்னு விட்டுடுவேன். யாருக்காக இருந்தேனோ அவளே அதை நூல்ல தைச்சு, ஊருக்கு மாட்டப் போறான்னப்போ முடியல. அவ்வளவுதான்."

வெளியே அவர் வண்டி எண்ணைக் கூப்பிட்டார்கள். தொப்பியை எடுத்துக்கொண்டு, "சாப்பிட்டியா நீ?" என்று கேட்டார். பதிலுக்கு நிற்காமல் போனார்.

அன்று வீட்டுக்கு வந்ததும் பம்பரத்தைத் துணியிலிருந்து வெட்டி எடுத்தாள். எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். பிரிப்பதில் கை தேர்ந்தவள்தான். ஆனால் அன்று இரண்டு மணி நேரம் பிடித்தது, கண்ணீர் மறைத்துக்கொண்டே இருந்தது. நூல் போன பிறகும் ஊசி ஓட்டைகள் வரிசையாக நின்றன. உற்றுப் பார்த்தால் படிக்கக்கூட முடியும். ஆவி காட்டித் தேய்த்தால் ஓட்டை மூடிக்கொள்ளும் என்பது அவளுக்குத் தெரியாததில்லை. மூடவில்லை. தான் செய்தது அப்படியே தெரியட்டும் என்று விட்டாள்.

கப்பல் பக்கத்தில் கோட்டைத் தைத்தாள். காலரை வெளிப்பக்கம் திருப்பி, அந்த மூன்று நீலத் தையல் எல்லாருக்கும் தெரியும்படி வைத்தாள். எடுத்த சிவப்பு நூலை ஒரு காகிதத்தில் மடித்துக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள். கோட்டுக்குப் பக்கத்தில், பன்னிரண்டு வயதுப் பையனின் சட்டை அளவுக்குக் கண்ணாலேயே பார்த்து, வெறும் துணியாக ஓர் இடம் விட்டாள்.

"இங்க எதாவது வெச்சு நிரப்புங்களேன்க்கா, மொட்டையா இருக்கு" என்றாள் நூலகக்காரப் பெண், மாட்டும்போது.

"அது என் இடம் இல்லம்மா" என்றாள் டேப்பக்கா. துணிக்குக் கீழே ஒட்ட இரண்டு வரி விளக்கம் எழுதித் தரச் சொன்னார்கள். எழுதவில்லை. அம்மாவுக்குக் கொடுத்த வாக்கு அண்ணனுடையது. அதை ஊரார் படிக்கச் சுவரில் ஒட்ட இவளுக்கு உரிமை இல்லை.

முதல் நாள் அண்ணன் வரவில்லை. அண்ணி வந்தாள், பார்த்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள். இரண்டாம் நாள் மத்தியானம், ஹாலில் ஆறேழு பேர் சுற்றிக்கொண்டிருந்தபோது, படியில் கனத்த பூட்ஸ் சத்தம் கேட்டது. அண்ணன் சீருடையோடு வந்தார். கையில் ஒரு காகிதப் பை.

வந்தவர் பம்பரம் இருந்த இடத்தில் கொஞ்ச நேரம் நின்றார். ஓட்டைகளைப் பார்த்தார். கோட்டுக்கு நகர்ந்தார்.

"உனக்கு ரொம்பப் பெருசா இருந்துச்சா?"

"கை தொங்கும்ணா. அம்மா ரெண்டு மடிப்பு மடிச்சு விடுவா."

"ம். குளிர் தாங்குச்சா?"

"தாங்குச்சுண்ணா."

நாற்பத்தெட்டு வருஷமாகக் கேட்க நினைத்ததைக் கேட்டுவிட்ட மாதிரித் தலையை ஆட்டினார். பிறகு காலரைக் காட்டி, "செவப்பு எங்க?" என்றார்.

"பிரிச்சுட்டேன். முதல்ல உன்னோடதுதானே."

"போட்டுட்டுப் போனது நீதானே. திரும்பப் போடு. மேல வேணாம், பக்கத்துல போடு."

டேப்பக்கா கைப்பையிலிருந்து மடித்த காகிதத்தை எடுத்தாள். ஊசி எப்போதும் டேப் நுனியில் குத்தியிருக்கும். அத்தனை பேர் முன்னால், நின்றபடியே, நீலத்துக்குப் பக்கத்தில் மூன்று சிவப்புத் தையல் போட்டாள். அண்ணன் பார்த்துக்கொண்டிருந்தார். நூலை அறுத்ததும் காகிதப் பையை நீட்டினார்.

"வண்டிக்கு நேரமாச்சு. இதையும் எங்கயாவது வை."

வெளிறிப்போன கட்டம் போட்ட சின்னச் சட்டை. அவள் பழக்க தோஷத்தில் முதலில் காலரைத்தான் திருப்பினாள். உள்ளே மூன்று நீலத் தையல். ஆனால் அம்மாவின் தையல் இல்லை. ஒன்று நீளம், ஒன்று குட்டை, மூன்றாவது எங்கோ ஓடியது. நுனியில் பட்டாணி அளவுக்கு ஒரு முடிச்சு.

"இது யாருண்ணா போட்டது?"

"சித்தி வீட்ல அஞ்சு பிள்ளைங்க. எனக்குன்னு யார் உட்கார்ந்து நூல் போடுவா? நானேதான்" என்றார் அண்ணன். "புதுச் சட்டை எடுக்கும்போதெல்லாம் போட்டுக்குவேன். வந்து சேர்ந்தப்புறம் அம்மா பாத்தா நம்ம வீட்டுப் பிள்ளைன்னு தெரியணுமில்ல."

சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார்.

டேப்பக்கா சட்டையைக் காலியாக விட்டிருந்த இடத்தில் வைத்தாள். அளவு இம்மி பிசகவில்லை. காலரை வெளியே தெரியும்படி திருப்பினாள். அவள் கை எந்தக் கோணல் தையலையும் பிரிக்காமல் விட்டதில்லை. இந்த மூன்றைத் தொடவில்லை. சட்டையைச் சுற்றித் தைத்து முடித்துவிட்டு, ஹால் நடுவிலேயே தரையில் உட்கார்ந்து, சுற்றி இருப்பவர்கள் என்ன நினைப்பார்கள் என்றுகூடப் பார்க்காமல், சின்னப் பிள்ளை மாதிரி அழுதாள்.